மகளின் புத்தகத்தில் ஒரு பென்சில் கோடு

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்டது ஓர் அப்பாவின் கடிதம். அவருக்கு வயது 46. பெயரையும் மற்ற அடையாளங்களையும் எடுத்துவிட்டேன். அவர் குறிப்பிட்டிருந்த நாவல்களின் பெயர்களையும் சொல்லப்போவதில்லை. அந்த நான்கு பெயர்களும் ஒன்றாக வந்தால், இது எந்த வீட்டுக் கடிதம் என்று அவருடைய மகளே கண்டுபிடித்துவிடுவாள்.

கடிதம் நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். மகளுக்கு 15 வயது, கையில் புத்தகம் இல்லாத நேரமே இல்லை. எல்லாம் ‘யங் அடல்ட்’ என்று சொல்கிற இளையோர் நாவல்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அவள் தூங்கிய பிறகு அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஐந்து வாரங்களில் நான்கு நாவல்களைப் படித்து முடித்திருக்கிறார். ஒவ்வொன்றைப் பற்றியும் கருத்து வைத்திருக்கிறார். முதல் நாவல், தோழியைத் தற்கொலையில் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதை: “எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வயதில் இவ்வளவு இருட்டு எதற்கு?” இரண்டாவது காதல் கதை. நாயகன் அவளுடைய போனை வாங்கிப் பார்க்கிறான், யாரோடு பேசலாம் என்று அவனே முடிவு செய்கிறான், “இதற்குப் பெயர் காதலா?” மூன்றாவது 500 பக்கத்துக்கு மேல் நீளும் கற்பனை உலகப் போர்க்கதை: “பெரியவர்கள் ஒன்று செத்துப்போகிறார்கள், இல்லையென்றால் கெட்டவர்களாக இருக்கிறார்கள்.” நான்காவது, பெற்றோர் பிரிந்த பிறகு இரண்டு வீடுகளுக்கு நடுவில் அலையும் ஒரு பையனைப் பற்றியது. அது அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது, கடைசி அத்தியாயத்தில் அழுதேவிட்டாராம். ஆனால் மகள் அதை 40-ஆம் பக்கத்தோடு நிறுத்தி, அங்கேயே புத்தகக்குறியை விட்டுவைத்திருக்கிறாள்.

கடிதத்தின் கடைசியில்தான் உண்மையான கவலை வருகிறது. முதல் நாவலில் ஒரு வாக்கியத்தின் கீழ் பென்சிலால் இரண்டு கோடு, பக்கத்தில் சின்ன நட்சத்திரம். வாக்கியம் இது: “நான் இல்லாவிட்டாலும் இந்த வீட்டில் எந்தச் சத்தமும் குறையாது.” அதைப் பார்த்த இரவு அவர் தூங்கவில்லை. இந்தப் புத்தகங்களை எடுத்து ஒளித்துவைக்கலாமா, காதல் கதை அவள் மனதைக் கெடுக்குமா, நான் படித்தேன் என்று அவளிடம் சொல்லலாமா, கேட்கக்கூடாததைக் கேட்டு இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்றெல்லாம் கேட்கிறார்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசிவிடுவோம் சார், மற்றதெல்லாம் அப்புறம்.

புத்தகத்தில் கோடு போடுகிறவர்கள் பல காரணங்களுக்காகப் போடுகிறார்கள். வாக்கியம் அழகாக இருந்திருக்கும், தோழிக்கு அனுப்ப எடுத்துவைத்திருப்பாள், கதையில் அந்த இடம்தான் திருப்பம் என்று தோன்றியிருக்கும். தன் மனதில் பெயர் தெரியாமல் கிடந்த ஒன்றை யாரோ அச்சில் எழுதிவிட்டார்களே என்று திகைத்தும் போட்டிருக்கலாம். இதில் எது என்று கோட்டைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் அவளிடம்தான் கேட்க வேண்டும். இன்றோ நாளையோ, தள்ளிப்போடாமல்.

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது நல்ல மனிதர்கள் பலரையும் ஊமையாக்கி வைத்திருக்கிற பயம். அது தவறு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் பார்த்துவிட்டன. எண்ணம் இருப்பவர்களுக்கு, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருப்பதை நான் ஆலோசனை அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. “நீ அப்படியெல்லாம் நினைக்கிற பொண்ணு இல்லையேம்மா?” என்று கேட்டால் அது கேள்வியே இல்லை, ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே எழுதி அவள் கையில் கொடுப்பது. “உனக்கு எப்பவாவது செத்துப்போயிடலாம்னு தோணியிருக்காம்மா?” என்று கேளுங்கள், வார்த்தையை மென்று முழுங்காமல் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிட மௌனம் அரை மணி நேரமாகத் தெரியும், அதை நிரப்பிவிடாதீர்கள்.

அவள் “ஆமாம்” என்றால் அதிர்ச்சியைக் காட்டி அழவோ, “உனக்கு என்ன குறை வச்சோம்” என்று ஆரம்பிக்கவோ வேண்டாம். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்று மெதுவாகக் கேளுங்கள். திட்டம் இருப்பதுபோலத் தெரிந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருட்களையும் மாத்திரைகளையும் அவள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவரிடமோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். திட்டம் இல்லை, எண்ணம் மட்டும்தான் என்றாலும் மனநல மருத்துவர் அல்லது ஆலோசகர் ஒருவரைச் சீக்கிரம் பார்த்தே ஆகவேண்டும். அவள் “இல்லை” என்று சொன்னாலும் சில விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருங்கள்: தூக்கமும் பசியும் மாறியிருக்கிறதா, பிடித்த பொருட்களை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாளா, நட்பு வட்டத்திலிருந்து ஒதுங்கிவிட்டாளா, “நான் இருந்து என்ன” என்கிற மாதிரிப் பேச்சு வாயில் வருகிறதா. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. நீங்கள் கவனிக்காமல் விட்டும் இருக்கலாம், உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் சாவு என்ற சொல் இல்லை, வீடும் சத்தமும்தான் இருக்கின்றன. “என் பேச்சு இந்த வீட்டில் யார் காதிலும் விழுவதில்லை” என்பதாகவும் அதைப் படிக்கலாம். அப்படிப்பட்ட வருத்தம் என்றால் அதற்கு மருந்து வேறு, அது பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

இருட்டான கதை ஆபத்தா?

நீங்கள் பயப்படுவதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1774-இல் ஜெர்மன் எழுத்தாளர் கத்தே எழுதிய ‘வெர்தர்’ நாவலின் நாயகன் காதல் தோல்வியில் உயிரை விடுகிறான். அதைப் படித்த இளைஞர்கள் அவனைப் போலவே செய்துகொள்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, அடுத்த வருடமே லைப்ஜிக் நகரம் அந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. தற்கொலைச் செய்திகளைப் பார்த்துப் பின்பற்றும் போக்குக்கு ‘வெர்தர் விளைவு’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது. ஆகவே உங்கள் பயத்தை அபத்தம் என்று ஒதுக்க மாட்டேன். எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம், அதை வீரமாகவோ பழிவாங்கலாகவோ காட்டுவது, இதைத் தவிர வழியே இல்லை என்று நம்பவைப்பது, இவையெல்லாம் ஏற்கெனவே நொந்துபோயிருப்பவரைப் பாதிக்கக்கூடும். 2007-இல் வந்த ‘தர்டீன் ரீசன்ஸ் ஒய்’ என்ற இளையோர் நாவலை 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக எடுத்தபோது அதில் வரும் மாணவியின் தற்கொலையை விரிவாகக் காட்டினார்கள். மருத்துவர்களின் கண்டனம் ஓயாமல் வந்து, 2019-இல் அந்தக் காட்சியை நிறுவனமே வெட்டி எடுத்தது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மொசார்ட்டின் ‘மாயக் குழல்’ இசை நாடகத்தில் பாப்பகேனோ என்றொருவன் சாகத் துணிகிற நேரத்தில் மூன்று சிறுவர்கள் வந்து, உன்னிடம் அந்த மந்திர மணி இருக்கிறதே, அதை அடித்துப் பார் என்று நினைவூட்டுகிறார்கள். அவன் பிழைத்துக்கொள்கிறான். 2010-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பத்திரிகைச் செய்திகளை அலசியபோது, சாக நினைத்தவர் அந்த நெருக்கடியை எப்படித் தாண்டி வந்தார் என்று சொல்லும் செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருப்பதைப் பார்த்தார்கள். அந்த விளைவுக்குப் பாப்பகேனோ பெயரையே வைத்தார்கள். அவர்கள் அலசியது நாவல்களை அல்ல, செய்திகளை, என்றாலும் கதையை எடைபோடவும் இது உதவும் என்று நினைக்கிறேன். கதையில் இருட்டு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அந்த இருட்டில் யாராவது கையை நீட்டுகிறார்களா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தின்படி, முதல் நாவலில் அந்தப் பெண் 200-ஆம் பக்கத்துக்குப் பிறகு தன் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். தோழி எப்படி இறந்தாள் என்ற விவரம் எங்குமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது பொறுப்போடு எழுதப்பட்ட புத்தகம்தான்.

நீங்கள் கிறுக்கல் என்று சொன்னது

இரண்டாவது நாவலைப் பற்றிய உங்கள் கருத்தில் எனக்கு முழுச் சம்மதம். பொறாமையையும் கண்காணிப்பையும் பாசத்தின் அளவுகோலாகக் காட்டும் காதல் கதைகள் நிறைய வருகின்றன. நிஜத்தில் அப்படிப்பட்ட பையனிடம் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிற பெண்களும் ஆரம்பத்தில் அதைப் பாசம் என்றுதான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “புத்தக ஓரத்தில் கிறுக்கிவேறு வைத்திருக்கிறாள், அந்தப் பையன் போனைப் பிடுங்கிப் பார்க்கிற இடத்தில் ‘இவன் யாரு கேக்க?’ என்று.”

சார், அந்த வரியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாயகனின் நடத்தையைப் பற்றி நீங்கள் ஒரு பத்தி முழுக்க எழுதிச் சொன்னதை அவள் மூன்றே சொற்களில் சொல்லிவிட்டாள், அதுவும் உங்களுக்கு முன்பே. கதையில் வருவதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே விழுங்கிவிடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கதையோடு சண்டை போட்டுக்கொண்டேகூடப் படிக்கிறார்கள். காதல் காட்சியில் உருகிவிட்டு அடுத்த பக்கத்தில் அதே பையனைத் திட்டுவார்கள், இரண்டும் உண்மைதான். இந்த நாவலை அவள் கையிலிருந்து பிடுங்கினால், அந்தச் சண்டை போட அவளுக்கிருக்கும் ஒரு நல்ல இடத்தைப் பிடுங்குகிறீர்கள். அச்சில் இருக்கிற பையனைப் பார்த்து “நீ யாரு கேக்க” என்று சொல்லிப் பழகட்டும், நாளைக்கு எதிரில் நிற்கிற பையனிடம் சொல்லத் தைரியம் வரும்.

மூன்றாவது நாவலில் பெரியவர்கள் செத்துப்போவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் எஸ்.ஈ. ஹிண்டன் 15 வயதில் எழுதத் தொடங்கி, 1967-இல் 18 வயதில் வெளியிட்ட ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல்தான் இளையோர் நாவல் என்ற வகைக்கே தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். அதிலும் பெற்றோர் விபத்தில் இறந்துபோய், மூன்று சகோதரர்கள் தனியாக வாழ்கிறார்கள். அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் பிரச்சினையை அவர்கள் தீர்த்துவிடுவார்கள், கதையில் பிள்ளைக்கு வேலை இருக்காது. அதற்காகத்தான் அவர்களை வெளியே அனுப்புகிறார்கள். உங்கள் மகள் உங்களைக் கெட்டவராக நினைக்கிறாள் என்று அதற்கு அர்த்தமில்லை.

நான்காவது நாவலுக்கு வருவோம், எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது இதுதான். “இவ்வளவு நல்ல புத்தகத்தைப் பாதியில் விட்டிருக்கிறாளே, ரசனை இல்லையே” என்று வருத்தப்படுகிறீர்கள். நீங்கள் கடிதத்தில் எடுத்து எழுதியிருந்த இரண்டு பத்திகளைப் படித்துப் பார்த்தேன். அழகான எழுத்துதான். ஆனால் அதைச் சொல்வது அந்தப் பையன் இல்லை, வளர்ந்து பெரியவனாகி அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கிற ஒரு மனிதர். “அப்போது எனக்குத் தெரியவில்லை, பின்னால் புரிந்தது” என்று வரிக்கு வரி வருகிறது. 46 வயதில் அந்த இடத்தில் நமக்குத் தொண்டை அடைக்கும், ஏனென்றால் நாமும் அங்கிருந்துதான் திரும்பிப் பார்க்கிறோம். 15 வயதில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? அவளுக்கு எல்லாமே இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. இளையோர் நாவல்களில் பெரும்பாலானவை ‘நான்’ என்றே தொடங்கி, என்ன ஆகப்போகிறது என்று தெரியாமலே நடப்பது அதனால்தான். நாயகி முட்டாள்தனமான முடிவெடுக்கிறாள் என்று நீங்கள் எரிச்சல்படுகிற இடங்களில் உங்கள் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறாள். ரசனைக் குறைவு ஒன்றும் இல்லை, அவள் நிற்கிற இடம் வேறு.

ஒருவேளை அது மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பெற்றோர் பிரிகிற கதை அது. 40-ஆம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்துப் பாருங்கள். வீட்டில் நீங்களும் உங்கள் மனைவியும் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்பதைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குற்றம் சொல்லவில்லை. “சத்தம்” என்ற சொல் வருகிற வாக்கியத்துக்கு அவள் கோடு போட்டிருக்கிறாள், இந்தப் புத்தகத்தை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

பிடுங்க உரிமை இருக்கிறதா?

அப்பா என்ற முறையில் உங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை மதிக்கிறது, ஆனால் பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்றபடி வழிகாட்ட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 13-ஆம் பிரிவு எல்லாவகைத் தகவல்களையும் தேடிப் பெறும் சுதந்திரத்தைத் தருகிறது, 16-ஆம் பிரிவு தனிமைக்கான உரிமையைத் தருகிறது, 17-ஆம் பிரிவில் குழந்தைகளுக்கான புத்தகங்களை வெளியிடுவதையும் பரப்புவதையும் ஊக்குவிக்க வேண்டும் என்றே இருக்கிறது. இது அரசுகளுக்கான உடன்படிக்கை, இதைக் காட்டி யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனாலும் 5 வயதுக்கு எடுக்கிற முடிவும் 15 வயதுக்கு எடுக்கிற முடிவும் ஒன்றாக இருக்க முடியாது என்ற அதன் நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். நடைமுறையாகவும் யோசியுங்கள். பிடுங்கினால் அவள் போனில் படிப்பாள், ஓரத்தில் எழுத மாட்டாள். அவள் மனதைப் பார்க்க உங்களுக்குக் கிடைத்த ஒரே ஜன்னலும் அடைந்துபோகும்.

சில புத்தகங்களை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம். அவள் மனம் உண்மையிலேயே தளர்ந்திருப்பது தெரிந்தால், சாகும் விதத்தை விவரிக்கிற கதைகளைக் கொஞ்ச நாள் தள்ளிவைப்போம் என்று காரணத்தைச் சொல்லி, அவள் சம்மதத்தோடு, எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதையும் சொல்லிச் செய்யுங்கள். அலமாரியில் சத்தமில்லாமல் ஓர் இடத்தைக் காலி செய்யாதீர்கள்.

சொல்லிவிடுங்கள்

கடைசியாக நீங்கள் ரகசியமாகப் படித்த விஷயம். அது சங்கடம்தான், ஏனென்றால் புத்தகம் படிப்பது தப்பில்லை, ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்தது கிட்டத்தட்ட டைரியைப் படித்த மாதிரி. அவளுக்குக் கோபம் வரும், வரட்டும். “நீ என்ன படிக்கிறேன்னு தெரிஞ்சுக்கணும்னு எடுத்தேன், கேட்டுட்டு எடுத்திருக்கணும், என் தப்புதான்” என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் நியாயம் பேசாதீர்கள். இந்த வயதில் இதையெல்லாம் படிக்கிறேனே என்ற வெட்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2012-இல் புத்தகச் சந்தையைக் கணக்கெடுக்கும் பவ்கர் என்ற அமெரிக்க நிறுவனம் எடுத்த கணக்கில், 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியிடப்பட்ட புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்காகவே வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் அழுததையும் சொல்லுங்கள். அப்பா ஒரு கதைக்காக அழுதார் என்பது அவளுக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

எங்கே, எப்போது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதிரெதிரே உட்காரவைத்து விசாரணை மாதிரி வேண்டாம். வண்டியில் போகும்போதோ நடக்கும்போதோ, இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் நல்லது. முதலில் காதல் நாவலில் ஆரம்பியுங்கள், அவள் பலமாக இருக்கிற இடம் அது. “அந்தப் பையனைப் பத்தி நீ எழுதினதுதான் சரி” என்று சொல்லுங்கள். கொஞ்சம் சிரிப்பாள், அல்லது முறைப்பாள். பிறகு நான்காவது புத்தகத்தை ஏன் விட்டாய் என்று கேளுங்கள், “ஏன் விட்டே” என்பதில் குற்றச்சாட்டு ஒட்டாமல். பிறகு அந்தக் கோடு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். 40-ஆம் பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும்.